ரத்தத்துல சுத்துற கேன்சர் செல் – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: அக்காவுக்கு மார்பக கேன்சர், எலும்பு வரைக்கும் பரவிடுச்சு. சிடிசி டெஸ்ட்ல 7னு வந்திருக்கு, வீட்ல எல்லாரும் கதிகலங்கிப் போயிருக்கோம். நானும் இந்த டெஸ்ட்டை எடுத்துப் பாத்துடவா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதல்ல கொஞ்சம் ஆசுவாசப்படுங்கம்மா. கட்டியிலேர்ந்து பிரிஞ்சு ரத்தத்துல சுத்துற செல்லுங்கதான் இந்த சிடிசி. 1869லயே ஆஸ்திரேலியாவுல தாமஸ் ஆஷ்வொர்த்னு ஒரு டாக்டர், கேன்சர்ல இறந்தவரோட ரத்தத்துல இதைப் பாத்து எழுதி வச்சிருக்கார். ஆனா எண்ணிச் சொல்ற டெஸ்ட்டுக்கு அமெரிக்காவுல அனுமதி கெடைச்சது 2004லதான், ஏன்னா ஒரு மில்லி ரத்தத்துல சிவப்பணு மட்டுமே 400, 500 கோடி இருக்கும், அதுக்கு நடுவுல இது விரல் விட்டு எண்ற அளவுதான். 7.5 மில்லி ரத்தம் எடுத்து, எப்கேம்ங்கிற புரதம் இருக்குற செல்லுல மட்டும் போய் ஒட்டுற குட்டிக் காந்தத் துகளைக் கலந்து, காந்தம் வச்சு இழுத்து, சாயம் ஏத்தி, வெள்ளையணு இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு ஒண்ணொண்ணா எண்ணுவாங்க.

நோய் பரவுன மார்பக கேன்சர்ல 5, இல்ல அதுக்கு மேல இருந்தா நோய் கொஞ்சம் வேகமா இருக்குன்னு எடுத்துக்குவாங்க. அது பொதுக் கணக்கு, உங்க அக்காவுக்கு எழுதுன தீர்ப்பு இல்ல. ரத்தத்துக்கு வர்ற செல்லுல பெரும்பாலானது அங்கயே செத்துடும், தப்பிச்சுப் போய் வேற எடத்துல வேர் பிடிக்கிறது ரொம்ப ரொம்ப கம்மி. சிகிச்சை ஆரம்பிச்சப்புறம் நம்பர் 5க்குக் கீழ எறங்குனா நல்ல சேதி. எறங்கலைன்னா உடனே கீமோவை மாத்துனா ஆயுசு கூடுதான்னு அமெரிக்காவுல ஒரு ட்ரையல் பண்ணாங்க, 2014ல ரிசல்ட் வந்துச்சு, கூடல. அதனால தயவுசெஞ்சு நம்பரை மட்டும் பிடிச்சுக்கிட்டு அக்காவை அலைக்கழிக்காதீங்க, ஸ்கேனையும் சேத்து வச்சு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

உங்களுக்கு இந்த டெஸ்ட் வேணாம். ஆரம்ப கட்ட கேன்சர்ல பல பேருக்கு இது பூஜ்ஜியம்னுதான் வரும், அதை நம்பி நிம்மதியா இருந்துட்டா ஆபத்து. கூடப் பொறந்தவங்களுக்கு வந்திருக்கறதால மேமோகிராம் எப்ப ஆரம்பிக்கணும், மரபணு டெஸ்ட் வேணுமான்னு டாக்டரைக் கேளுங்க, தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: தூங்குறப்பதான் கேன்சர் பரவுமாமே, ராத்திரி முழிச்சிருக்கணுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேணவே வேணாம் சார்! சுவிட்சர்லாந்துல 30 மார்பக கேன்சர் பேஷன்ட்டுகளுக்கு விடிகாலை 4 மணிக்கும் காலைல 10 மணிக்கும் ரத்தம் எடுத்துப் பாத்ததுல, கெடைச்ச செல்லுல முக்கால்வாசிக்கு மேல 4 மணி ரத்தத்துலதான் இருந்துச்சு. 2022ல வந்த ஆய்வு அது. ரத்தம் எடுக்குற நேரத்தையும் குறிச்சு வைக்கணும்ங்கிறதுதான் அதுல டாக்டர்களுக்கு இருக்குற சேதி, தூக்கத்தைக் கெடுத்துக்கச் சொல்லி யாரும் சொல்லல. சிகிச்சைல இருக்குற ஒடம்புக்குத் தூக்கம் கண்டிப்பா வேணும்.