ஐந்நூறு பிரதி வேண்டாம், ஐம்பது போதும்

கடலூர் முதுநகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "துறைமுகத்தை ஒட்டிய தெருக்களைப் பற்றி 160 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பதிப்பகம் 60,000 ரூபாய் கேட்கிறது. 500 பிரதி அடித்து, விற்பனையையும் பார்த்துக்கொள்வார்களாம். எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?"

போடாதீர்கள் அம்மா. பதிப்பகம் என்றால் தன் கைக்காசைப் போட்டு அச்சிட்டு, உங்களுக்கு ராயல்டி தரவேண்டும். உங்களிடம் பணம் வாங்கினால் அது அச்சுச் சேவை. அதற்குக் கூலி கொடுக்கலாம், உரிமையை ஏன் கொடுக்க வேண்டும்?

எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுடையதாகிவிட்டது. பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. உரிமையை எழுதிக் கொடுத்தே தீரவேண்டும் என்றால் எத்தனை வருடம், அச்சுக்கு மட்டுமா மின்னூலுக்குமா என்று தெளிவாகப் போடச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்குத்தான் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஆனால் 'நிரந்தரமாக' என்று ஒரு சொல் உள்ளே இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அப்புறம் அந்த 500. பக்கங்களை உலோகத் தகட்டில் (பிளேட்) ஏற்றி அடிக்கும் ஆஃப்செட் முறையில் 100 அடித்தாலும் 1000 அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். அதனால்தான் முன்பெல்லாம் மொத்தமாக அடித்தார்கள். இப்போது டிஜிட்டல் அச்சில் 50 பிரதிகூடப் போடலாம். ஒரு பிரதியின் விலை கூடும், பரவாயில்லை. புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டுக் கட்டிலுக்கடியில் விற்காத அவர் புத்தகங்கள் பழுப்புத்தாள் பிரிக்காத கட்டுகளாகவே கிடந்ததைப் பார்த்தேன். ஒன்றைப் பிரித்தோம், கடற்காற்றின் ஈரத்தில் ஓரமெல்லாம் அலையலையாகச் சுருண்டிருந்தது. அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மிச்சமாகும் பணத்தை மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துபவருக்கும் மேலட்டை வடிவமைப்பவருக்கும் கொடுங்கள். நீங்கள் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், யூனிகோடுக்கு மாற்றும்போது 'கொ'வின் கொம்பு கழன்று முந்தைய வரியின் கடைசியில் போய் நிற்கலாம். கணினித் திரையில் இது எளிதில் கண்ணில் படாது. ஒரே ஒரு மாதிரிப் பிரதி அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். டெம்மி என்ற புத்தக அளவில் 16 பக்கம் ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) என்றால் 160 பக்கம் சரியாகப் பத்து பாரம். முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் அதற்குள் அடங்கும்படி பாருங்கள்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மின்னூலை அமேசான் கிண்டிலில் ஏற்றவும் கட்டணம் இல்லை. அங்கே 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால், இந்திய விற்பனைக்கு அமேசானின் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேரவேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது.

விற்பனைதான் கடினம், மறைக்கமாட்டேன். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது நூலை வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். உங்களிடம் படித்த பிள்ளைகளுக்கு இன்றே வாட்ஸ்ஆப்பில் ஒரு அத்தியாயம் அனுப்புங்கள். எத்தனை பேர் முன்பணம் அனுப்புகிறார்களோ அத்தனை பிரதி, மேலே ஒரு இருபது. நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குக் கடை எடுக்கும் விற்பனையாளர் யாராவது தெரிந்தால் அதில் பத்தைக் கொடுத்து வையுங்கள். அவருக்கான விற்பனைக் கழிவு எவ்வளவு, விற்காததை எப்போது திருப்பித் தருவார் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.