சுவரில் என்ன எழுதலாம், அக்கா?

செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள். அதையொட்டி வடசென்னையில் பலரும் கேட்ட கேள்விகளுக்கு, உதவி எண்ணில் பல வருடம் அழைப்புகளைக் கேட்ட தன்னார்வலராகப் பதில் சொல்கிறேன்.

காசிமேடு தம்பி: தெருச் சுவரில் நம்பிக்கை வாசகம் எழுதப் போகிறோம். 'கோழையாகாதே, போராடு' சரியா அக்கா?

வேண்டாம் தம்பி. நொறுங்கிக் கிடப்பவர் காதில் அது திட்டாகத்தான் விழும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடைக்காரர் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தார்: 'ராத்திரி தூக்கம் வரலையா? காலைல அஞ்சு மணிக்கே கடை திறந்துடுவேன், வா பேசலாம்.' நிஜமாகவே ஒருவர் வந்தார். டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், டீயில் ஏடு படிந்துவிட்டது. அப்புறம்தான் கடனைப் பற்றி வாய் திறந்தார். வாசகத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும் தம்பி. உங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு புரளாத நாட்கள். அதற்கு முன்பே எழுதி முடியுங்கள். கீழே 14416 என்று பெரிதாகப் போடுங்கள். அது டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தண்டையார்பேட்டை அம்மா: பிளஸ் டூவில் ஒரு பாடம் போனதிலிருந்து பையன் யாரிடமும் பேசுவதில்லை. நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே ஊட்டியது போல ஆகாதா?

ஆகாதும்மா. கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால் சொல்ல வழி கிடைக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'செத்துடலாம்னு தோணுதாடா?' என்றே கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். 'சொன்னியே, அதுவே பெருசு' என்று சொல்லுங்கள். தனியாக விடாமல் அன்றைக்கே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பாடத்தைத் துணைத்தேர்வில் அதே வருடம் எழுதிவிடலாம். அந்தப் பேச்சு அப்புறம்.

திருவொற்றியூர் வாசகர்: முயற்சி செய்து பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகுமா?

அந்தப் பயத்தில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். 2017 மனநலச் சட்டம், 115ஆவது பிரிவு, அவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

வியாசர்பாடி தம்பி: நண்பன் போய் மூன்று மாதம் ஆகிறது. அவன் கடைசி மெசேஜை நான் பார்க்கவே இல்லை.

தம்பி, ஒரு மெசேஜால் யாரும் போவதில்லை. எப்படி நடந்தது என்று துருவுகிறவர்களுக்குப் பதில் சொல்லாதே. அவன் எப்படிச் சிரிப்பான் என்று கேட்கிறவர்களிடம் பேசு. 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தில், இழந்தவர்களும் பேசலாம்: 044-24640050. ஞாயிற்றுக்கிழமை கேரம் போர்டுக்குத் திரும்பப் போ. அவன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான், வலிக்கும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராவிட்டால் கூப்பிடு.