சரக்கு ஏற்றும் மூன்று சக்கர சைக்கிளில் மோட்டார் வைத்தால் மேட்டில் இழுக்குமா? எத்தனை வாட் வேண்டும்?

இழுக்கும். ஆனால் வாட் கணக்கில் கேள்வியை ஆரம்பித்திருக்கிறீர்கள் பாருங்கள், நானும் அங்கேதான் கோட்டை விட்டேன். அனேகமாக ஒரு ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) கிட் பார்த்து வைத்திருப்பீர்கள். முன்சக்கரத்தைக் கழற்றி இதை மாட்டினால் முடிந்தது, பின் அச்சில் கையே வைக்க வேண்டாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் இன்ஜினியர் இல்லை, தண்ணீர் கேன் போடுகிறவன். 20 லிட்டர் கேன் 8 என்றால் 160 கிலோ, வண்டி ஒரு 50, நான் 65. ஆக 275 கிலோ. 500 வாட் ஹப் மோட்டாரை முன்னால் மாட்டி, காலி வண்டியில் ஓட்டிப் பார்த்தேன், பறந்தது. (நான் பார்த்த வீடியோக்களிலும் காலி வண்டிதான் பறக்கிறது. ஒருத்தராவது பாரத்தோடு மேடு ஏற்றிக் காட்டட்டும்.)

மூன்றாம் நாள், பாரத்தோடு வழக்கமாகப் போகிற மேடு. 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும், அவ்வளவுதான். பாதியிலேயே வேகம் செத்துவிட்டது. திராட்டிலை இன்னும் முறுக்கினேன். எடையெல்லாம் பின்னால் இருப்பதால் முன்சக்கரம் மண்ணில் வழுக்கியது, பிறகு சட்டென்று பிடித்தது. 'டக்' என்று ஒரு சத்தம். சக்கரம் சுற்றுவதற்குப் பதில் அச்சு சுற்றிவிட்டது. அச்சு வழியாக வெளியே வரும் ஒயர்களை ஈரத்துணி பிழிவது மாதிரி முறுக்கி அறுத்துவிட்டது. மோட்டார் போனால் போகட்டும், வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. இருந்தது முன்சக்கரத்தில் ஒரே ஒரு பிரேக். பிடித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. குதித்து இறங்கி முதுகைக் கொடுத்துத் தாங்கி, காலால் ஒரு கல்லை இழுத்துச் சக்கரத்துக்கு அடை கொடுத்தேன். மூன்று கேன் உருண்டு போனது.

அப்போது ஒருவர் பைக்கை நிறுத்தினார். கை கொடுக்க வருகிறார் என்று நினைத்தேன். ஃபோனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். மூன்று வருஷமாகியும் ஆறவில்லை. உருண்டு வந்த கேனைக் காலால் தடுத்திருந்தால்கூடப் போதும், படத்தை அப்புறம் எடுத்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹப் மோட்டாரின் அச்சு உருண்டையாக இருக்காது, இரண்டு பக்கம் தட்டையாகச் சீவி, 10 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வந்தால் ஃபோர்க் காடியின் (அச்சு உட்காரும் வெட்டு) விளிம்பை சுமார் 400 கிலோ நெம்புகிற மாதிரி. அச்சு சுற்றாமல் ஃபோர்க்கோடு பிடித்துக்கொள்ள டார்க் ஆர்ம் என்று ஒரு சின்ன இரும்புப் பட்டை போட்டிருந்தால் தாங்கியிருக்கும். கிட் விற்றவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பட்டை போட்டிருந்தாலும் என் மேடு ஏறியிருக்காது என்பது பிறகு கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. சமதளத்தில் என் வண்டியை 10 கி.மீ. வேகத்தில் உருட்ட 110 வாட் மாதிரி போதும். அதே வேகத்தில் அந்த மேட்டுக்குக் கிட்டத்தட்ட 490 வாட். 500 வாட் மோட்டார்தானே என்பீர்கள். அந்த 500, மோட்டார் அதன் வேகத்தில் சுற்றும்போது தருவது. 25, 30 கி.மீ.க்கென்று செய்த மோட்டாரை 6 கி.மீ.யில் முக்கவிட்டால் பேட்டரியிலிருந்து எடுப்பதில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். சுருள் கருகுகிற வாசனை வந்தால் அதுதான்.

இப்போது இருப்பதும் 500 வாட்தான். ஆனால் தட்டுக்கு அடியில் கியர் மோட்டார் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள் உள்ளேயே இருக்கும்), அதிலிருந்து பின் அச்சுக்குத் தனிச் செயின். மோட்டாரில் 9 பல், அச்சில் 27 பல். வேகம் மூன்றில் ஒரு பங்கு, இழுவை மூன்று மடங்கு. அச்சில் இருப்பது ஃப்ரீவீல் பல்சக்கரம், அதனால் கரண்ட் இல்லாமல் மிதிக்கும்போது மோட்டாரையும் சேர்த்து இழுக்க வேண்டியதில்லை. மிஞ்சிப் போனால் 12 கி.மீ. போகும். இதைக் கேட்டு மச்சான் சிரித்தார். மூன்று சக்கர வண்டி இரண்டு சக்கரம் மாதிரி வளைவில் சாயாது, உயரமாகப் பாரம் வைத்து வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். அவர் ஒருமுறை இரவல் வாங்கிப்போய்த் தூக்கிக் காட்டிவிட்டு வந்தார். பேட்டரியையும் காலி பண்ணித்தான் கொடுத்தார்.

மிட் டிரைவை (பெடல் அச்சில் மாட்டும் மோட்டார்) சொல்லவில்லையே என்று கீழே யாராவது வருவார்கள். நல்ல பொருள்தான், கியர் உள்ள வண்டிக்கு. என்னுடையது ஒற்றைப் பல்சக்கர வண்டி. கியர் மாற்ற முடியாத இடத்தில் அதன் பாதிப் பலன் போய்விடும், மோட்டாரின் இழுப்பும் காலின் இழுப்பும் ஒரே செயினில் விழும். உங்கள் வண்டியில் கியர் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், நான் குறுக்கே வரவில்லை.

பேட்டரி 48 வோல்ட், 20 ஆம்பியர்-ஹவர் (Ah). முதலில் லெட் ஆசிட் வைத்தேன், நான்கும் சேர்ந்து ஒரு கேனைவிடக் கனம். அதில் எழுதியிருக்கிற ஆம்பியர்-ஹவர் மெதுவாக எடுத்தால் கிடைப்பது, மேட்டில் இழுக்கிற இழுப்புக்கு அது வராது. இப்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். எதுவானாலும் ஃபியூஸைப் பேட்டரியை ஒட்டியே போடுங்கள்.

மோட்டார் வாங்கும் முன் பின் அச்சுக்கு ஒரு பிரேக் போடுங்கள், நிறுத்தி வைக்கப் பூட்டும் வசதியோடு. பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டாருக்குக் கரண்ட் நிற்கிற ஸ்விட்சும் வேண்டும். வாட்டுக்கும் வேகத்துக்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கி.மீ. தாண்டினால் அது சைக்கிள் கணக்கில் வராது. உங்கள் ஊரில் என்ன என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் அந்த மேட்டின் கடைசி இருபது மீட்டரில் நானும் எழுந்து நின்று மிதிக்கத்தான் செய்கிறேன்.