மாயக் கதைத் தொகுப்புகளை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது?

மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சிறு வயதில் என் அப்பாயி களத்து மேட்டில் உட்கார்ந்து முனி, மோகினி, கொள்ளிவாய்ப் பிசாசு என்று கதை சொல்வார். அந்த மாதிரிக் கதைகளை இப்போது புத்தகத்தில் படிக்க ஆசையாக இருக்கிறது. கிளை நூலகத்தில் இரண்டு தொகுப்புகளை எடுத்து வந்தேன். ஒன்றில் நான்காவது கதைக்குள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்று புரியவே இல்லை. நல்ல தொகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அல்லது எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரிகிறது. கும்பகோணம் பக்கத்து நூலகங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இதே குறையோடு புத்தகத்தைத் திருப்பித் தந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். சிறுகதைத் தொகுப்புகளின் உள்ளடக்கப் பக்கத்தில், படித்து முடித்த கதைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பது நம் வாசகர்களின் பழக்கம். அந்தக் கோடுகள் பெரும்பாலும் முதல் நான்கைந்து கதைகளோடு நின்றுபோயிருக்கும். பதினோராவதாக இருக்கும் மிகச் சிறந்த கதையின் பக்கங்கள் மடங்காமல், அழுக்குப்படாமல் அப்படியே இருக்கும். நாவலைப் போல முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் படிக்கத் தொடங்கியதுதான் காரணம். ஒரு பேய் வந்துபோன சுவடு மனதில் ஆறுவதற்குள் அடுத்த பேயை வரவழைத்தால் இரண்டுமே வலுவிழந்துவிடும்.

இனித் தேடுவதைப் பற்றிச் சொல்கிறேன். தமிழில் இவ்வகைக் கதைகளைத் தேடுவோருக்கு முதல் இடைஞ்சல் பெயர்தான். மிகுபுனைவு, மாய யதார்த்தம், அமானுஷ்யக் கதை, அறிவியல் புனைவு என்று விமர்சகர்கள் பல சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் புத்தகத்தின் முதுகில் ‘சிறுகதைகள்’ என்று மட்டுமே அச்சாகியிருக்கும், நூலக அலமாரியிலும் குடும்பக் கதைகளுக்கு நடுவில்தான் அது நிற்கும். ஆகவே வகையின் பெயரைச் சொல்லித் தேடுவதை விட, உங்களை உலுக்கிய ஒரு கதையின் பெயரைச் சொல்லி அதிலிருந்து அதன் ஆசிரியருக்கும், அவரிடமிருந்து அவர் விரும்பிப் படித்தவர்களுக்கும் போவது பலன் தரும். மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் இவ்வாறே பின்தொடரலாம். பிரம்மராஜன் போன்ற ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டால், அர்ஜென்டினாவின் போர்ஹெஸ், இத்தாலியின் கால்வினோ என்ற எழுத்தாளர்கள் இருவரிடமும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கையில் எடுத்த தொகுப்பு நல்லதா என்று பார்க்க நான் கையாளும் வழி ஒன்று உண்டு. நடுவிலுள்ள ஏதேனும் ஒரு கதையைத் திறந்து, முதல் பக்கத்தை மட்டும் நின்றபடியே படியுங்கள். மாயம் எப்போது வருகிறது என்று தேடாமல், மாயம் வருவதற்கு முன்னிருக்கும் சாதாரண உலகம் எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் இடத்தில் ஒரு மனிதர் நின்றுகொண்டு, டிராமில் போனால் எத்தனை காசு ஆகும், கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காலணாக் கணக்கு நமக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிவதால்தான், சற்று நேரத்தில் வழி கேட்டு வந்து நிற்பவர் கடவுள் என்று தெரியவரும்போது நாம் மறுப்பதில்லை. காபி குடிக்க இருவரும் ஓட்டலுக்குள் போகும்போது நாமும் கூடவே போகிறோம். முதல் பத்தியிலேயே இடி, மின்னல், ஊளை என்று அடுக்குகிற தொகுப்பை நான் பெரும்பாலும் அலமாரியிலேயே வைத்துவிடுவேன். உங்களுக்கு நான்காவது கதைக்குள் சலித்துப்போன தொகுப்பில் நேர்ந்ததும் அநேகமாக இதுவாகவே இருக்கும்.

உங்கள் அப்பாயி சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தேங்கிய வயலுக்கு அப்பால் இரவில் ஒரு தீக்கொழுந்து தோன்றித் தோன்றி மறைகிறது. சதுப்பில் ஊறும் வாயு பற்றிக்கொள்வதால் வருவது என்று பள்ளியில் சொல்லித்தருகிறோம். ஆனால் வரப்பில் தனியாக நிற்பவருக்கு அந்தப் பாடம் உடனே நினைவுக்கு வருவதில்லை. வாயுவா, பிசாசா என்று முடிவு செய்ய முடியாமல் அவர் நிற்கும் அந்தச் சில நொடிகள்தான் இவ்வகை இலக்கியத்தின் உயிர் என்று ஸ்வேதன் தொதரோவ் என்ற அறிஞர் 1970-இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலில் விளக்கினார். இயற்கையின் விதிகளை மட்டுமே அறிந்த ஒருவர், அவ்விதிகளை மீறியதாகத் தோன்றும் ஒன்றின் எதிரே நிற்கும்போது கொள்ளும் தயக்கம் என்பது அவருடைய வரையறையின் சாரம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படித்து முடித்ததும் ‘அது பேய்தானா, மனப்பிரமையா’ என்று தீர்ப்பு எழுத முயல்வதால்தான் பலருக்கு இக்கதைகள் புரியாதவை ஆகின்றன. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ கதையில் உறக்கம் வராத ஓர் எழுத்தாளருக்கு நள்ளிரவில் சகிக்க முடியாத நாற்றம் அடிக்கிறது, பிறகு அதுவே ஊதுவத்தி வாசனையாக மாறுகிறது. வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதற்குக் கதை உறுதியான விடை தருவதில்லை. அந்த விடையின்மையோடு ஓர் இரவைக் கழித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் சாமி மாடத்தில் ஊதுவத்தி ஏற்றும்போது கதை திரும்பி வரும்.

நம் ஊர்க்காரர்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையைத் திறந்து, காவிரிப்பூம்பட்டினத்தின் ஐந்து மன்றங்களைப் பற்றிய பகுதியை உரையோடு படியுங்கள். சில வரிகளே கொண்ட ஐந்து மாயக் கதைகளின் தொகுப்பாகவே நான் அதைக் காண்கிறேன். வெள்ளிடை மன்றத்தில் உரிமையாளரின் பெயர் எழுதிய சரக்கு மூட்டைகள் காவலின்றிக் கிடக்கும். எவனாவது திருட எடுத்தால் அந்த மூட்டை கழுத்துக் கடுக்க அவன் தலையிலேயே ஏறி நிற்கும், அவன் சுற்றிச் சுற்றி வருவானே தவிர அதைக் கொண்டுபோக முடியாது. இலஞ்சி மன்றத்தின் பொய்கையில் மூழ்கியவரின் உடற்குறைகள் நீங்கும். நெடுங்கல் நின்ற மன்றம் பித்துப் பிடித்தவர்களையும் நஞ்சு தீண்டியவர்களையும் காக்கும். பூதசதுக்கத்தில் ஒரு பூதம் பொய்த்தவ வேடத்தாரையும் பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் நான்கு காதம் கேட்கும்படி குரல் கொடுத்துக் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். ஐந்தாவது பாவை மன்றம். அரசனின் கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவை ஒருபக்கம் சாய்ந்தாலும், அங்கு நிற்கும் பாவை வாய் திறந்து எதுவும் சொல்லாது. கண்ணீர் மட்டும் உகுக்கும். பூதத்தின் பெருங்குரலைச் சொன்ன உடனேயே பேசாத பாவையின் அழுகையை வைத்திருக்கும் அந்த வரிசையைப் பாருங்கள். ஒரு தொகுப்பில் கதைகளை அடுக்குவது எத்தகைய கலை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

மணிமேகலையும் இதே கடற்கரைக் கதைதான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி, எவ்வளவு உண்டாலும் தணியாத யானைத்தீ என்னும் பசி நோய், அந்தப் பாத்திரத்தின் உணவால் அந்தப் பசி அடங்குவது ஆகிய பகுதிகளைத் தனிக் கதையாகப் பிரித்து உங்கள் மாணவர்களுக்குச் சொல்லலாம். பசியை நேரில் அறிந்த மண்ணில் பிறந்த கற்பனை என்பதை விளக்காமலே அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

உங்களுக்குப் புரியாமல் போன தொகுப்பு எது என்று நீங்கள் எழுதவில்லை. அது மௌனியாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். மௌனி (1907–1985) செம்மங்குடியில் பிறந்தவர்; எழுதியவை இரண்டு டஜன் கதைகளே. ‘சிறுகதையின் திருமூலர்’ என்று புதுமைப்பித்தன் அவரை அழைத்தார். அவரிடம் பேயோ பூதமோ வருவதில்லை. பார்த்துப் பழகிய கோயில் பிராகாரமும் மாலை வெளிச்சமுமே மெல்ல வேறொன்றாகி விடுகின்றன. ‘அழியாச்சுடர்’ கதையில் தூணில் செதுக்கிய யாளி உயிர்கொண்டு எழுவது போன்ற ஒரு கணம் வரும். அந்தக் கதையை நான் முதல் முறை படித்தபோது எனக்கும் பிடிபடவில்லை. பல மாதங்கள் கழித்து, விளக்கு ஏற்றுவதற்கு முந்தைய அரையிருட்டில், கும்பகோணத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் தூணோரம் நின்றபோது, மேலே பிதுங்கிய கண்களோடு பார்த்துக்கொண்டிருந்த யாளியின் முன்கால் அசைந்தது போலிருந்தது. வீட்டுக்கு வந்து அதே கதையை வாய்விட்டுப் படித்தேன். வாக்கியங்களுக்குள் ஒரு நடை இருப்பதைக் காது பிடித்துக்கொண்டது. மௌனியை வாய்விட்டுப் படியுங்கள், இரண்டு முறை படியுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம். அப்போதும் ஒட்டவில்லை என்றால் இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரலாம், அதில் குறையொன்றும் இல்லை.

பலர் எழுதிய கதைகளை ஒருவர் தேர்ந்து கோத்த தொகுப்புகளும் உண்டு. புதிய எழுத்தாளர்களைக் கண்டடைய அவற்றைப் போல உதவுவது வேறில்லை. போர்ஹெஸ் தம் நண்பர்களான பியோய் காசாரஸ், சில்வினா ஒகாம்போ இருவருடன் சேர்ந்து 1940-இல் புவனோஸ் ஐரிஸில் வெளியிட்ட மாயக்கதைத் தொகுப்பு அப்படிப்பட்டது. பல நாடுகளின், பல காலங்களின் கதைகளை ஒரே நூலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இத்தகைய நூலில் இருபது கதைகளில் மூன்று பிடித்தால் போதும். அந்த மூவரின் தனித் தொகுப்புகளைத் தேடிப் போங்கள், மீதிப் பதினேழைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இதற்கு நேர்மாறாக, ஓர் எழுத்தாளரின் முழுத்தொகுப்பை முதலில் வாங்காதீர்கள். ஏறத்தாழ நூறு கதைகள் கொண்ட புதுமைப்பித்தனின் முழுத்தொகுப்பில் மாயக் கதைகள் ஒரு பகுதிதான். உள்ளடக்கத்தைப் பார்த்து ‘காஞ்சனை’, ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘கபாடபுரம்’, ‘சாப விமோசனம்’, ‘கயிற்றரவு’ என்று பொறுக்கிப் படிக்கத் தெரிந்த பிறகு அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அண்மைக்கால எழுத்தாளர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாயி கதைகளின் அச்சம் வேண்டும் என்றால் ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’ உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். அறிவியல் பக்கம் போக விருப்பமானால் சுஜாதாவின் ‘திமலா’ நல்ல வாசல். யுவன் சந்திரசேகர் தம் கதைகளின் உலகை ‘மாற்று மெய்ம்மை’ என்று குறிப்பிடுவார். சாதாரண உரையாடலில் தொடங்கி எங்கோ கொண்டுபோய் விடுவார். கோணங்கியில் ‘மதினிமார்கள் கதை’யிலிருந்து தொடங்க வேண்டும். பிற்கால நூல்களிலிருந்து தொடங்கியவர்கள் பலர் திரும்பி வரவில்லை.

புத்தகம் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை; மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் அவர் கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். பழைய பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பார்க்கலாம். கிளை நூலகத்தில் இல்லாத நூலுக்கு நூலகரிடம் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்கிற வாசகர் இருப்பது தெரிந்தால்தான் அடுத்த கொள்முதலின்போது அவரும் அதைக் கேட்க முடியும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று 1931-இல் நூலகத்துறைக்கே விதி வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர். அந்த விதியின்படி கேட்பது உங்கள் உரிமை.

படிக்கும் முறைக்கு வேதாளத்தையே ஆசானாகக் கொள்ளுங்கள். விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கதைதான் சொல்லும், முடிவில் ஒரு கேள்வி கேட்கும், பிறகு முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். நீங்களும் ஓர் இரவுக்கு ஒரு கதை படித்து, அந்தக் கதை உங்களிடம் கேட்கும் கேள்வியை ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள். விடை எழுத வேண்டாம். அந்த நோட்டின் முதல் பக்கங்களில் அப்பாயி சொன்ன கதைகளையும், சொன்ன ஊரின் பெயர், மரத்தின் பெயர், வாய்க்காலின் பெயரோடு எழுதி வையுங்கள். அச்சில் உள்ள கதைகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது உங்கள் ரசனை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நான்கைந்து வாரங்களில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த வாரம் கந்தசாமிப் பிள்ளையில் தொடங்குங்கள். அடுத்த வாரம் காஞ்சனை. மௌனியை ஐப்பசி மழைக்கு ஒதுக்கி வைக்கலாம். விடுமுறையில் மாணவர்களைப் பூம்புகாருக்கு அழைத்துப் போவதாக இருந்தால், ஐந்து மன்றப் பகுதியை நகலெடுத்துக் கொண்டுபோய் அந்தக் கடற்கரையில் வைத்து அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பாவை மன்றத்தைக் கடைசியில் படியுங்கள்.