பிடிக்காத நாவலைப் பற்றி என்ன சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 29. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுவோம். ஏழெட்டுப் பேர் வருவோம், அதில் பாதிக்கு மேல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அதனால் பெரும்பாலும் ஆங்கில இளையோர் நாவல்கள்தான். போன மாதம், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் ஜான் கிரீன் எழுதிய ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவலைத் தேர்ந்தெடுத்தாள். என் முறை வந்தபோது, “அழ வைக்கணும்னே எழுதின புக். பதினாறு வயசுப் பிள்ளைங்க இப்படியா பேசும்? எனக்கு மொக்கையா இருந்துச்சு” என்றேன். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கலர் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்த புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது லிஃப்டில் பார்த்தால்கூட ‘ஹாய் அக்கா’ கிடையாது. நான் மனதில் பட்டதைத்தானே சொன்னேன்? இனிமேல் எல்லாவற்றுக்கும் ‘சூப்பர்’ என்று தலையாட்ட வேண்டியதுதானா? இது போதாதென்று என் கணவர், “இந்த வயசுல உனக்கு எதுக்குச் சின்னப் பசங்க புக்கு?” என்று கிண்டல் செய்கிறார். அடுத்த மாதம் புத்தகம் தேர்ந்தெடுப்பது என் முறை. என்ன செய்யட்டும் மேடம்?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: முதலில் உங்கள் கணவரை அனுப்பிவிட்டு வருவோம், அது சின்ன விஷயம். அமெரிக்காவில் இளையோர் நாவல் என்று நூலகர்களும் பதிப்பாளர்களும் பிரித்து வைத்திருப்பது சுமாராக 12 முதல் 18 வயது வரையிலான வாசகர்களுக்கு. ஆனால் 2012-ல் பௌக்கர் என்ற நிறுவனம் அங்கே எடுத்த ஆய்வில், இந்தப் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்று தெரிந்தது. பிள்ளைக்காக வாங்கினார்களோ என்று பார்த்தால் அதுவும் இல்லை, பெரும்பாலானோர் தாங்கள் படிக்கவே வாங்கியிருக்கிறார்கள். உங்களுக்குத் துணை நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார். பரவாயில்லை.

சரி, மாடிக்கு வருவோம்.

‘சூப்பர்’ என்று தலையாட்ட வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் போலிப் பாராட்டு உடனே தெரிந்துவிடும். வீட்டிலும் பள்ளியிலும் அதைத்தான் தினமும் கேட்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். அந்தப் பெண் வாடியதும் அதனால் இல்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று வாக்கியங்களையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள்.

‘அழ வைக்கணும்னே எழுதினது’ என்பது முதல் வாக்கியம். இது புத்தகத்தைப் பற்றியது இல்லை, எழுதியவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்பதைப் பற்றியது. ஜான் கிரீன் எழுத்தாளர் ஆவதற்கு முன்னால், ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நோயாளிக் குடும்பங்களுக்கு ஆறுதலாக இருக்கும் சமயப் பணியில் சில மாதங்கள் பயிற்சி பெற்றவர். 2012-ல் வெளிவந்த இந்த நாவலை, தைராய்டு புற்றுநோயால் 2010-ல் பதினாறு வயதில் இறந்துபோன எஸ்தர் ஏர்ல் என்ற பெண்ணுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். எஸ்தர், ஜான் கிரீனின் தோழி. இதைத் தெரிந்துகொண்டால் நாவல் உங்களுக்குப் பிடித்துவிடும் என்று சொல்லவில்லை. உண்மையான துக்கத்திலிருந்தும் செயற்கையான புத்தகம் வரலாம், வந்தும் இருக்கிறது. ஆனால் ‘எழுதியவன் என்னை ஏமாற்றப் பார்த்தான்’ என்று நீங்கள் சொன்னால், அந்தப் புத்தகத்தைப் படித்து அழுத பெண்ணின் காதில் ‘நீ ஏமாந்தாய்’ என்றுதான் விழும். அங்கேதான் அடி பட்டிருக்கிறது.

இரண்டாவது வாக்கியம் அருமையானது. பதினாறு வயதுப் பிள்ளைகள் இப்படிப் பேசுமா? இந்த நாவலைப் பற்றிக் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விகளில் ஒன்று இது. உங்களுக்கு முன்னாலும் பலர் கேட்டிருக்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால், கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள். பக்கத்தைத் திறந்திருக்க வேண்டும். கதையின் நாயகி ஹேசலும் நாயகன் அகஸ்டஸும் முதல் தடவை சந்திக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இண்டியானாபொலிஸில் ஒரு சர்ச்சில் நோயாளிப் பிள்ளைகளுக்கான கூட்டம் முடிந்து வெளியே நிற்கிறார்கள். புற்றுநோயில் ஒரு காலை இழந்த பையன் சிகரெட்டை எடுத்து வாயில் வைக்கிறான். ஆக்சிஜன் உருளையைக் கூடவே இழுத்துக்கொண்டு திரியும் ஹேசலுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அவனோ சிகரெட்டைப் பற்றவைப்பதே இல்லையாம். கொல்லக்கூடிய பொருளைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, கொல்லும் சக்தியை மட்டும் அதற்குக் கொடுக்காமல் இருக்கிறானாம். அது ஓர் உருவகம் என்று வியாக்கியானம் வேறு.

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். ஆனால் அதையே பதினாறு வயதில் படிக்கும் ஒருத்தி, ‘அவனுக்குப் பயம் அக்கா, பயத்தை மறைக்கத்தான் இவ்வளவு பெரிய பேச்சு’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் உங்கள் கேள்வி இன்னும் ஆழமாகப் போயிருக்கும். அவனுடைய அலட்டலை எழுத்தாளரும் அலட்டலாகத்தான் பார்க்கிறாரா, இல்லை நம்மைக் கைதட்டச் சொல்கிறாரா? அரை மணி நேரம் பேச இது போதும்.

ஆனால் பேச்சு அங்கே போகவில்லை, மூன்றாவது வாக்கியம் வந்துவிட்டது. ‘மொக்கை’ என்று சொன்ன பிறகு எதிரே இருப்பவருக்கு இரண்டே வழிதான். ‘இல்லை’ என்று சண்டைக்கு வரலாம், அல்லது பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். உங்கள் ஊர்ப் பெண் கிளம்பிவிட்டாள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த நாவலுக்குள்ளேயே உங்கள் மாடியில் நடந்தது போல ஒன்று வருகிறது. ஹேசலுக்கு உயிரான ஒரு நாவல் உண்டு, ஜான் கிரீன் கற்பனையாக உருவாக்கிய நாவல் அது. சில புத்தகங்களை ஊரில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று தோன்றும். வேறு சில அவ்வளவு அந்தரங்கமானவை, பிடிக்கும் என்று வெளியே சொல்வதே துரோகம் போல இருக்கும் என்று அவள் யோசிக்கிறாள். அப்படிப்பட்ட புத்தகத்தை அகஸ்டஸிடம் கொடுக்கிறாள். அவன் கொடுப்பதோ வீடியோ கேமை வைத்து எழுதப்பட்ட, ரத்தம் தெறிக்கும் சண்டை நாவல். ஹேசல் அதைக் குப்பை என்று ஒதுக்குவதில்லை. படிக்கிறாள், தன்னையறியாமல் அதில் ஈடுபட்டும் விடுகிறாள். அவன் அவளுடைய நாவலைப் படித்துவிட்டுக் கோபமாகப் பேசுகிறான், ஏனென்றால் அது பாதி வாக்கியத்தில் நின்றுபோகிறது. அந்தக் கோபம் அவளைப் புண்படுத்தவில்லை. கடைசி வரி வரை வந்தவனுக்குத்தானே அந்தக் கோபம் வரும்? நாவலில் பிறகு வரும் ஆம்ஸ்டர்டாம் பயணம் அந்தக் கோபத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன், இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். 2014-ல் வந்த ஆங்கிலப் படத்தையோ, 2020-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘தில் பேச்சாரா’ என்று வந்த இந்திப் படத்தையோ பார்த்தவர்களும் நாவலை ஒரு தடவை படிக்கலாம். முக்கியமாக ஆம்ஸ்டர்டாம் அத்தியாயங்கள். ஹேசலின் அந்த நாவலை எழுதியவராக வரும், குடித்துவிட்டு எரிந்து விழும் எழுத்தாளர் பாத்திரம்தான், என்னைக் கேட்டால், புத்தகத்திலேயே உருப்படியானது.

பக்கத்தைத் திறக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் படித்ததாக நினைப்பதும் அச்சில் இருப்பதும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை. சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவல் 2008-ல் வந்தது. அதில் ரூ என்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். அவளுக்கு அடர்ந்த பழுப்பு நிறத் தோல் என்று நாவலிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. 2012-ல் படம் வந்தபோது அந்த வேடத்தில் கறுப்பினச் சிறுமி நடித்ததைப் பார்த்து, நாவலின் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களில் சிலர் கொதித்துப்போனார்கள். தாங்கள் கற்பனை செய்த ரூ இவள் இல்லையாம். அவளுக்காகக் கண்ணீர் விட்டுப் படித்தவர்கள்தான், அந்த ஒரு வரியை மட்டும் கண் தாண்டிப் போயிருக்கிறது. இப்படிப்பட்டதைப் பேசித் தீர்க்க ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குப் பிடிக்காது’ உதவாது. ‘அந்தப் பக்கத்தை எடு, பார்க்கலாம்’ என்பதுதான் உதவும்.

ஏய்டன் சேம்பர்ஸ் என்று பிரிட்டனில் ஒரு இளையோர் நாவலாசிரியர். 2002-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது வாங்கியவர், அதற்கு முன்னால் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளோடு புத்தகங்களைப் பற்றி எப்படிப் பேசுவது என்று ‘டெல் மீ’ என்ற பெயரில் 1993-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவர் சொல்லும் முதல் விஷயமே ‘ஏன்?’ என்று கேட்காதே என்பதுதான். ‘ஏன் பிடித்தது?’ என்று கேட்டால் பிள்ளைக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். ‘சொல்லேன், கேட்கிறேன்’ என்ற தோரணையில் தொடங்கச் சொல்கிறார். பிடித்தது எது, பிடிக்காதது எது, புரியாமல் குழப்பியது எது, திரும்பத் திரும்ப வந்ததாகவோ ஒன்றோடொன்று தொடர்புள்ளதாகவோ கண்ணில் பட்டது எது, இந்த நாலும்தான் அவருடைய அடிப்படைக் கேள்விகள். பெரியவர்கள் கூட்டத்துக்கும் இது பொருந்தும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது மூன்றாவது. ‘எனக்கு இந்த இடம் புரியவில்லை’ என்று வயதில் மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால், மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும். உங்கள் குழுவில் அந்த மூத்தவர் நீங்கள்தான். வருத்தமாக இருந்தால் கணவர் சொன்னதை நினைத்துத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பெண் விஷயம். உங்கள் கருத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டால் அவளுக்கு இன்னும் சங்கடம். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்க எதுவும் எழுதவும் வேண்டாம், அவளுடைய அம்மாவிடம் போய்ச் சொல்லவே வேண்டாம். தனியாகப் பார்க்கும்போது, “அன்னைக்கு நான் முடிச்சுட்டேன், நீ சொல்லவே இல்லையே. அந்த ஸ்டிக்கர் ஒட்டின பக்கத்துல ஒண்ணு காட்டுறியா?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு பிள்ளை தன் கைக்காசில் ஸ்டிக்கர் வாங்கி, இடம் பார்த்து ஒட்டி, மாடிவரை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால் அவளிடம் சொல்ல ஏதோ இருந்திருக்கிறது. அவள் அன்றைக்கே காட்டாமல் போகலாம். ‘அப்புறம் காட்டுறேன்’ என்றால் விட்டுவிடுங்கள், லிஃப்டில் மறிக்காதீர்கள். காட்டினால், பதில் வாதம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றியதோ அதைச் சொல்லுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அதையும்தான். ‘இந்த வரி நல்லா இருக்கு, இதுக்கு அடுத்த வரி எனக்கு ஓவர்’ என்கிற அளவுக்குக் குறிப்பாகச் சொன்னால், யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. சண்டை போடுவார்கள். போடட்டும், அதற்குத்தானே கூட்டம்.

குழுவுக்கு ஒரே ஒரு ஏற்பாடு சொல்கிறேன். யார் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தாரோ அவர் முதலில் பேசட்டும். தேர்ந்தெடுத்தவர் கடைசியில் பேசுவது என்று வைத்தால், நடுவில் யாராவது நாவலைப் பிரித்து மேய்ந்த பிறகு அவருக்குப் பேச மனது வராது.

அடுத்த மாதத்துக்கு என்ன புத்தகம்? இளையோர் நாவல் எங்கே தொடங்கியது என்று பார்க்க ஆசை இருந்தால் எஸ். இ. ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’. 1967-ல் அது வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது, எழுதத் தொடங்கியது பள்ளியில் படிக்கும்போது. பதின்ம வயதுப் பிள்ளைகள் இப்படியா பேசும் என்ற உங்கள் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம், எழுதியதே ஒரு பதின்ம வயதுப் பெண்தான்.

ஆனால் எனக்கு வேறு ஒரு யோசனை. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. 2000-ல் வந்த நாவல். கொங்கு நாட்டில் கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட தலித் சிறுவன் கூளையனும் அவனுடைய கூட்டாளிகளும்தான் கதை. இளையோர் நாவல் என்று யாரும் அதற்கு முத்திரை குத்தவில்லை, ஆனால் அந்த வயதின் விளையாட்டும் பசியும் அவமானமும் நட்பும் அதில் இருக்கிற அளவுக்கு, முத்திரை குத்திய பல நாவல்களில் இல்லை. தமிழ் படிக்கத் திணறும் பிள்ளைகள் உங்கள் குழுவில் இருந்தால், வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ‘சீசன்ஸ் ஆஃப் தி பாம்’ என்று ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. பாதிப் பேர் இதில், பாதிப் பேர் அதில் படிக்கட்டும். சாதிக் கொடுமையும் வேதனையும் நிறைந்த கதை, அதனால் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்னால் நீங்கள் ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள். முடிவை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.