கல்லில் வரைந்த ஹாம்லெட்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா, ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ துன்பியல் நாடகத்துக்காக வரைந்த கல்லச்சுப் படங்களின் மறுபதிப்பைப் பார்த்தேன். மேடையில் கண்டதைத்தான் அவர் வரைந்தாரா? ஹாம்லெட்டின் முகத்தில் பெண் சாயல் தெரிவது ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: மேடை அவருக்குத் தூண்டுகோலாக இருந்தது; ஆனால் அப்படங்கள் மேடையின் பதிவுகள் அல்ல. 1827-இல் பாரிஸின் ஓதியோன் அரங்கில் ஆங்கில நடிகர்கள் ‘ஹாம்லெட்’ நாடகத்தை நடத்தியபோது, ஹாம்லெட்டாகச் சார்லஸ் கெம்பிளும் அவன் காதலி ஒஃபீலியாவாக ஹாரியட் ஸ்மித்சனும் தோன்ற, அந்நகரின் இளங்கலைஞர்கள் பெரும் கிளர்ச்சி அடைந்தனர். தெலக்ருவாவோ 1834-இல்தான் இத்தொடரைத் தொடங்கி, 1843 வரை 16 காட்சிகளை வரைந்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் மனத்தில் ஊறியது நடிப்பைவிட நாடகமே என்பது என் கருத்து.

ஒஃபீலியாவின் மரணமே இதற்குச் சிறந்த சான்று. அது மேடையில் நிகழ்வதில்லை. கிளை முறிந்து அவள் ஓடையில் விழுந்ததை அரசி கெர்ட்ரூட் வாய்மொழியாகவே அறிவிக்கிறாள். தெலக்ருவா அந்தச் சொற்களைக் காட்சியாக்கியபோது, பாதி உடல் நீரில் அமிழ்ந்த நிலையிலும் ஒரு கையால் கிளையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் மலர்களை மார்போடு அணைத்திருப்பவளாக அவளை வரைந்தார். அரசியின் சொற்களில் முறிந்துவிடும் கிளை இங்கே இன்னும் முறியவில்லை. சாவுக்கு முந்தைய அந்தக் கணத்தை ஓவியர் நிறுத்திவைத்திருக்கிறார். எந்த நடிகையும் காட்ட வாய்ப்பில்லாத கணம் அது.

ஹாம்லெட்டுக்கு மாதிரியாக அமர்ந்தவர் ஓவியரின் நண்பர் பியெரேயின் மனைவி என்று கலை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. நீங்கள் கண்ட சாயலுக்கு அதுவே காரணமாகலாம்.

1790-களின் இறுதியில் ஜெர்மானியரான அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறையில், ஓவியர் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் சுண்ணக்கல்லின் மீது நேரடியாக வரைவார். ஈரமாக்கிய கல்லில் கொழுப்புள்ள கோடுகள் மட்டுமே மையை ஏற்கும். இடையில் செதுக்குநரின் கை புகுவதில்லை என்பதால் ஓவியரின் தயக்கமும் வேகமும் அப்படியே தாளில் பதிகின்றன.

இதற்கு முன் 1828-இல் வெளிவந்த அவருடைய ‘ஃபாவுஸ்ட்’ படங்கள் பதினேழில் சிலவற்றை முன்கூட்டியே கண்ட, அந்நாடகத்தை எழுதிய ஜெர்மானியக் கவிஞர் கேத்தே, தாம் கற்பனை செய்ததையும் அவை விஞ்சிவிட்டதாக வியந்தார். ‘ஹாம்லெட்’ தொடருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1843-இல் ஓவியரே செலவை ஏற்று 13 படங்களை 80 பிரதிகளாக வெளியிட்டார். பதினாறும் சேர்ந்த பதிப்பு, அவர் மறைந்த மறு ஆண்டான 1864-இல்தான் வந்தது.

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் ஷாசேரியோ, ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்துக்காக வரைந்த படங்களும் கல்லச்சுதானா?
– வாசகர், மதுரை

பதில்: அல்ல. 1844-இல் வெளிவந்த அந்த 15 காட்சிகளும் உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிடப்பட்டவை. ஓரம் வெட்டப்படாத மூலப் பிரதியைக் காண நேர்ந்தால் படத்தைச் சுற்றித் தாளில் பதிந்த தகட்டின் விளிம்புத் தடத்தைத் தேடுங்கள். கல்லச்சுப் படங்களில் அத்தடம் இராது.