புலி நாணயமும் காண்டாமிருக நாலணாவும்

கேள்வி: புலிகள் பாதுகாப்புத் திட்டப் பொன்விழாவுக்காக வந்த 50 ரூபாய் நாணயத்தை மகனுக்குப் பரிசாக வாங்க ஆசை. இணையத்தில் ஒருவர் 5,000 ரூபாய் சொல்கிறார். ஐம்பது ரூபாய் நாணயத்துக்கு இவ்வளவா?
- வாசகி, கோவை

பதில்: 2023 ஏப்ரல் 9 அன்று மைசூருவில் பிரதமர் வெளியிட்ட நாணயம் இது. புழக்கத்துக்காக அடித்ததல்ல, சேகரிப்பவர்களுக்காக அடித்தது. அதனால் அரசு நாணயச்சாலையே முகமதிப்பைவிடக் கூடுதலாகத்தான் விற்கும். ஆனால் அந்த விலை என்னவென்று பார்க்காமல் வெளியாளிடம் பேரம் பேசாதீர்கள். முதலில் நாணயச்சாலை நிறுவனத்தின் இணையதளத்தில் இருப்பு உண்டா என்று பாருங்கள். தீர்ந்திருந்தால் மட்டும் பழைய நாணய வியாபாரியிடம் போகலாம்.

'ப்ரூஃபா, யுஎன்சியா' என்று கேளுங்கள். ப்ரூஃப் என்றால் பின்னணி கண்ணாடி மாதிரி முகம் காட்டும், உருவம் மட்டும் மங்கலாக எழும்பி நிற்கும். விலையும் கூடுதல். யுஎன்சி என்றால் புழக்கத்துக்குப் போகாத, சாதாரணமாக அடித்த நாணயம். நாணயச்சாலையின் உறை, அட்டையோடு தருவதாகச் சொன்னால் யோசிக்கலாம். தங்க முலாம் பூசியது, வண்ணம் தீட்டியது என்றால் வேண்டாம். அது யாரோ பிறகு செய்த ஜோடனை.

பிறகு விற்றால் லாபம் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது, அந்தக் கணக்கில் வாங்காதீர்கள். பையனுக்குப் புலி பிடிக்கும் என்பதே போதுமான காரணம்.

கேள்வி: வீட்டில் காண்டாமிருகம் போட்ட நாலணாக்கள் (25 காசு) இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் தருவதாக ஒருவர் போன் செய்தார். ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணமாக முதலில் 2,100 ரூபாய் அனுப்பச் சொல்கிறார்.
- வாசகர், விருதுநகர்

பதில்: அனுப்பாதீர்கள். இது மோசடி. பழைய நாணயம், நோட்டு வாங்கவோ விற்கவோ தாங்கள் கட்டணம், கமிஷன் எதுவும் கேட்பதில்லை, அப்படி வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. காசு கொடுப்பவன் எதற்காக உங்களிடம் முன்பணம் கேட்கிறான்? ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அந்த நாலணா 1988 முதல் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட எஃகுக் காசு. காந்தம் வைத்தால் ஒட்டும். 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது. காண்டாமிருகத்துக்குக் கீழே ஆண்டு, அதற்கும் அடியில் எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி இருக்கும்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், பொட்டு நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. சேகரிப்பவர்கள் இதைத்தான் பார்ப்பார்கள். சாதாரணமாகத் தேய்ந்த காசுக்குச் சில ரூபாய் கிடைத்தாலே பெரிது. பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள், அதுவும் போய்விடும்.

கேள்வி: நேபாளத்தின் 1974-ஆம் ஆண்டு சிவப்புப் பாண்டா நாணயம் ஒரு கடையில் பார்த்தேன். 'சுத்த வெள்ளி' என்கிறார்கள்.
- வாசகர், மதுரை

பதில்: உலக வனவிலங்கு நிதியத்துக்குப் பணம் திரட்டப் பல நாடுகள் வெளியிட்ட வரிசையில் அதுவும் ஒன்று, 50 ரூபாய் மதிப்பு. அந்த வரிசையின் ப்ரூஃப் வெள்ளி நாணயங்களிலேயே வெள்ளி 92.5 சதவீதம்தான், சாதாரணப் பதிப்புகள் பலவற்றில் பாதிதான். 'சுத்தம்' என்கிறவரிடம் தராசில் வைத்துக் காட்டச் சொல்லி, எந்தப் பதிப்பு என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.